இரண்டாம் பிரிவில் கெடா

கெடா மாநிலத்தைப் பற்றி எழுதப் புகும் தமிழர் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் கப்பற்படையிலிருந்தே தொடங்குவர். கடாரம் கொண்ட அம்மன்னன் காலத்தில் காற்பந்து இல்லாமையால் ஈண்டு அவனை அழைக்க வேண்டிய தேவை எழவில்லை. ஈண்டுச் சொல்ல வரும் வரலாறு மிக அண்மைக் காலத்தது. 1989-ஆம் ஆண்டில் தொடங்கி 2022-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மலேசியக் காற்பந்தில் இரண்டாம் பிரிவு என வழங்கிய போட்டியின் வரலாறு அது. முதற்பிரிவின் வெற்றிகளை எழுதியோர் பலர். இரண்டாம் பிரிவை எழுதியோர் மிகச் சிலரே. தோற்றவர் வந்து சேரும் இடந்தானே அது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். கெடாவின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவர்க்கு அவ்வெண்ணம் நெடுநேரம் நில்லாது.

இரண்டாம் பிரிவு தோன்றிய விதத்தை அறிய, அதற்கு முன்பிருந்த நிலையைச் சிறிது காண வேண்டும். 1921-ஆம் ஆண்டு 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்து சென்றது. அக்கப்பலினர் நன்றிக்கு அடையாளமாக வழங்கிய கிண்ணமே மலாயாக் கிண்ணம். அவ்வாண்டு நடைபெற்ற முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், சிலாங்கூரை வென்றது. கெடா 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கைவரை சயாமின் மேலாண்மையில் இருந்த நாடு. கிண்ணப் போட்டி தொடங்கியபோது அது பிரிட்டிஷாரின் கூட்டு மாநிலங்களுள் ஒன்றன்று. ஆகவே முதலாண்டுப் போட்டியில் அதற்கு இடமில்லை. கெடாக் காற்பந்துச் சங்கம் 1924-ஆம் ஆண்டில் உருவாயிற்று. 1967-ஆம் ஆண்டில் மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது.

நெடுங்காலம் இக்கிண்ணமே எல்லாமாக இருந்தது. வட மாநிலங்கள் ஒருபுறம், தென் மாநிலங்கள் ஒருபுறம் எனப் பொருதிச் சில வாரங்களில் போட்டி முடிந்துவிடும். 1979-ஆம் ஆண்டில்தான் எல்லா மாநிலங்களும் ஒன்றோடொன்று பொருதும் முறை வந்தது. 1982-ஆம் ஆண்டிலிருந்து அம்முறையில் முதலிடம் பெற்றவர்க்குத் தனிக் கிண்ணம் வழங்கப்பட்டது. அப்போதும் பட்டியலின் அடியில் கிடந்த குழுவுக்கு இழப்பென ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டும் அதே பட்டியலில் ஆடும். 1989-ஆம் ஆண்டில் பகுதித் தொழில்முறைப் போட்டி தொடங்கியபோது குழுக்கள் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டன. முதற்பிரிவில் கடைநிலை எய்தியோர் இறங்குவர். இரண்டாம் பிரிவில் முதன்மை பெற்றோர் ஏறுவர். தோல்விக்கு விலை வைக்கப்பட்டது. அதே சமயம் தோற்றவன் மீண்டும் எழுவதற்கு ஒரு வழியும் திறக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தே காண வேண்டும்.

அந்நாளில் கெடா வலிமையிழந்த மாநிலமன்று. 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்திற்குச் சென்றது. மூன்றாண்டுகளும் எதிர்நின்றது கோலாலம்பூர். மூன்றாண்டுகளும் வென்றதும் கோலாலம்பூரே. ஒரே எதிரியிடம் ஒரே மேடையில் மும்முறை வீழ்ந்த குழுவினர் நான்காம் முறையும் அங்கே வந்து நின்றனர் என்றால் அவர்தம் நெஞ்சுரத்தை என்னென்பது! 1990-ஆம் ஆண்டில் சிலாங்கூரை 3-1 என வென்று கெடா முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. சங்கம் தோன்றி அறுபத்தாறு ஆண்டுகள் கழித்துக் கிட்டிய பேறு அது.

கிண்ணம் வென்ற குழு சரிந்ததும் விரைவிலேயே நேர்ந்தது. 1992-ஆம் ஆண்டில் கெடா இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டே அப்பிரிவில் முதலிடம் பெற்றது. ஏறிய கையோடு 1993-ஆம் ஆண்டில் முதற்பிரிவிலும் வாகை சூடியது. மலேசியக் கிண்ணத்தையும் வென்றது. அக்கிண்ண இறுதியாட்டத்தில் 2-0 எனத் தோற்ற சிங்கப்பூர் அவ்வாண்டு எங்கே ஆடிக்கொண்டிருந்தது? இரண்டாம் பிரிவில்! அதனோடு அங்கே போட்டியிட்டுப் பிரிவின் முதலிடத்தைப் பெற்றது வேறு எதுவுமன்று, கிண்ணங்களை அள்ளிக் குவித்த சிலாங்கூர். அடுத்த ஆண்டில், அதாவது 1994-இல், சிங்கப்பூர் நாட்டின் தலைமைப் போட்டியையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. இரண்டாம் பிரிவு தோற்றோரின் தங்குமடம் என்றால் இவ்வெற்றிகளுக்குப் பொருள் கூறவியலாது. கீழிறங்கிய குழு பெயர்பெற்ற மூத்தோரை விடுத்து இளையோரை ஆடவிடத் துணிகிறது. பார்வையாளரின் ஏச்சும் பத்திரிகைகளின் நெருக்கமும் குறைகின்றன. ஓர் ஆண்டு முழுதும் வென்று பழகியவர்க்கு வெல்லும் வழக்கம் கைவந்துவிடுகிறது. இவையே அதற்குக் காரணங்களாக இருந்திருக்க வேண்டும்.

இனி, கெடா மாநிலக் குழு எம்மண்ணில் வேர்கொண்டது என்பதை நோக்குதல் வேண்டும். கெடா ஒரு மாநிலமாயினும் அதன் நிலம் இரண்டு. வடக்கே அலோர் ஸ்டாரைச் சுற்றிப் பரந்து கிடப்பவை நெல்வயல்கள். தெற்கிலும் நடுவிலும், கோலமூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களில், பால்மரக் காடுகள். சங்கமும் தாருல் அமான் அரங்கமும் இருப்பது நெல் நாட்டில்; தமிழர் செறிந்து வாழ்ந்தது பால்மர நாட்டில். சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம், கோலா கெட்டில் என்னும் ஊர்களைச் சுற்றிலும் தோட்டங்கள். ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்றியெட்டா எனத் தோட்டங்களுக்குத்தான் சீமைப் பெயர்கள். லயங்களில் ஒலித்ததோ தமிழ்.

இத்தோட்டங்களில் காற்பந்து வேரூன்றியதற்குப் பால்மரமே துணைநின்றது என்றால் வியப்பாகத் தோன்றலாம். விடியுமுன் பெரட்டு, இருள் பிரியும்போது மரத்தடியில் கத்தி, வெயில் ஏறுமுன் பால் எடுத்து, நிறுத்து, ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டால், நண்பகலுக்குப் பின் இளைஞனின் கைகள் ஓய்ந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் திடல் நிறையும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பொதுவாகக் கிடந்த ஒரு வெளியே திடல். மாசி பங்குனியில் மரங்கள் இலையுதிர்க்கும், பால் குறையும், வட மாநிலத்து வறண்ட காற்றில் தரையும் இறுகும். தோட்டத்துக்குத் தோட்டம் பொருதுவதற்கு ஏற்ற பருவம் அது. ஆட்டக்காரரும் ஆதரவாளரும் தோட்டத்து லாரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்திற்குச் செல்வர். பலரது கால்களில் காலணி இராது. வென்ற குழு திரும்புகையில் லாரியின் ஓசைக்கு முன்னரே பாட்டோசை லயத்தை எட்டிவிடும்.

தோட்ட நிருவாகங்களும் இவ்வாட்டத்தை ஊக்குவித்தன. அதற்குக் காரணம் அன்பு மட்டுமே என நம்புவது கடினம். போர் முடிந்த பின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிப்போம், தன்மானத்தோடு வாழ்வோம் எனக் கட்டுப்பாட்டோடு திரண்ட இளைஞர் கூட்டம் அது. 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில் காவல் துறையினருடன் மோதல் நேர்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது, படை ஒடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவசரகாலம் வந்தது. மாலை நேரத்தில் இளைஞர்கள் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதை நேரில் கண்ட துரைமார்க்கு, அவர்கள் கூடும் இடம் பந்தாடும் திடலாக இருப்பது உகந்ததாகவே தோன்றியிருக்கும். நோக்கம் எதுவாயினும் திடல் கிடைத்தது. கிடைத்ததைத் தோட்டத்து இளைஞர்கள் தமதாக்கிக்கொண்டனர்.

தோட்டத்துத் திடலிலிருந்து மாநிலக் குழுவுக்கு வழி எத்தகையது? தோட்டக் குழுவில் பெயர் பெற்றவன் மாவட்டப் போட்டியில் ஆடலாம். மாவட்டத்தில் மின்னினால் மாநிலத் தேர்வுக்கு அழைக்கப்படலாம். ஏட்டில் பார்க்கும்போது இவ்வழி நேரானது. நடந்து பார்ப்பவர்க்கே அதன் மேடு பள்ளம் தெரியும். கூலிமிலிருந்து அலோர் ஸ்டார் நூறு கிலோமீட்டர் அளவில் தொலைவு. மாலைப் பயிற்சி முடிந்து இரவில் வீடு திரும்புபவன் விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நாட்கூலிக்கு மரம் வெட்டுபவன் ஒரு நாள் வாராவிட்டால் அன்றைய கூலி இல்லை. பகுதித் தொழில்முறை வருவதற்கு முன்னர், மாநில ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் அரசாங்க இலாகாக்களிலோ வங்கிகளிலோ வேலை பார்த்தோர். ஆட்டத்திற்குச் செல்கையில் அவர்க்குச் சம்பளத்துடன் விடுப்புக் கிடைக்கும். தோட்டத் தொழிலாளியின் நிலை அதுவன்று. பந்து எல்லார்க்கும் ஒன்றுதான். விடுப்பு எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை.

தமிழர் இந்நாட்டுக் காற்பந்தின் உச்சியை எட்டவில்லை என்பது இதன் பொருளன்று. தேசியக் குழுவின் இலக்குக் காவலராக விளங்கி, 'சிலந்தி மனிதன்' எனப் போற்றப்பெற்ற ஆர். ஆறுமுகம் 1974-ஆம் ஆண்டு தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற குழுவிலும், 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவிலும் இருந்தவர். அவர் சிலாங்கூரைச் சேர்ந்தவர். தலைநகரை அடுத்த நகரங்களிலும் துறைமுகத்திலும் வளர்ந்தவர்க்கு வாய்த்த அண்மை, கெடாவின் உட்பகுதித் தோட்டத்தானுக்கு வாய்க்கவில்லை.

இந்நிலையில் தோட்டத் திடல்களே குறையத் தொடங்கின. 1950-களில் ஆங்கிலேயர் பலர் தோட்டங்களை விற்க, வாங்கியவர் அவற்றைத் துண்டாடினர். இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸீஸ் ஆராய்ந்து நூலாகவே எழுதியுள்ளார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயமும் பள்ளியும் நிலைகுலைந்தபோது திடலை நினைத்துப் பார்ப்போர் யார்? 1969-ஆம் ஆண்டுக்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமையற்ற பல்லாயிரவரைக் கப்பலேற்றியது. பின்னர்ப் பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது. செம்பனைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. 1980-களிலும் 1990-களிலும் சுங்கை பட்டாணி தொழில் நகரமாக வளர்ந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். ஹார்வர்ட் தோட்டத்து நிலத்தின் ஒரு பகுதி குழிப்பந்துத் திடலாயிற்று. பந்து இருந்தது, அதன் அளவும் அதை அடிப்பவரும் மாறிவிட்டனர்.

திடல்கள் சுருங்கிய அதே ஆண்டுகளில் நாட்டுப் போட்டியின் அமைப்பும் பல முறை மாற்றப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் இரு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன. ஆட்டங்களை விலைபேசிய ஊழல் அக்காலத்தில் வெளிப்பட்டு, ஆட்டக்காரர் பலர் தண்டிக்கப்பட்டனர், அரங்குகள் வெறிச்சோடின. 1998-ஆம் ஆண்டில் மீண்டும் பகுக்கப்பட்டு பிரிமியர் ஒன்று, பிரிமியர் இரண்டு எனப் பெயர் பெற்றன. 2004-ஆம் ஆண்டில் முதலாவது சூப்பர் லீக் என்றும் இரண்டாவது பிரிமியர் லீக் என்றும் ஆயின. பெயர் மாற்றத்தில் ஒரு தந்திரம் உண்டு. 'இரண்டாம்' என்னும் சொல் மறைந்தது. 'பிரிமியர்' என்பதற்கோ முதன்மையானது என்றே பொருள்! இரண்டாம் பிரிவை முதன்மையானது எனப் பெயரிட்டு அழைத்த நாடு நம் நாடு.

கெடா இப்பகுப்புகளுக்கிடையே ஏறியும் இறங்கியும் வந்தது. 2002-இல் பிரிமியர் இரண்டில் முதலிடம். 2004-இல் சூப்பர் லீக்கிற்குச் சில குழுக்களையே எடுத்துக்கொண்டமையால் மீண்டும் கீழ்ப்பிரிவு. அவ்வாண்டே, கீழ்ப்பிரிவில் இருந்தவாறே, மலேசியக் கிண்ண இறுதியாட்டம்வரை சென்று அண்டை மாநிலமாகிய பெர்லிசிடம் 1-0 எனத் தோற்றது. அடுத்த ஆண்டில் சிலாங்கூர் அதனினும் பெரிய வியப்பை நிகழ்த்தியது: இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே அப்பிரிவின் முதலிடத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் வென்றது.

2005-06 பருவத்தில் பிரிமியர் லீக்கின் வாகை கெடாவுடையது. அடுத்து நிகழ்ந்தது இந்நாட்டுக் காற்பந்து வரலாற்றில் ஒப்பற்றது. இரண்டாம் பிரிவிலிருந்து ஏறிய முதற்பருவத்திலேயே, 2006-07இல், கெடா சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்றது. பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லா. 2007-08இல் மூன்றையும் மறுபடி வென்றது. 1992-93இல் நடந்ததே மீண்டும் நடந்தது, அளவுதான் பெரிது. இரண்டு முறையும் படிக்கட்டு ஒன்றே.

அக்காலத்திலேயே கெடாவில் வேறொரு குழுவும் எழுந்தது. மாநிலம் முழுமைக்குமன்றி ஒரு மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய கோலமூடா நாசா என்னும் குழு அது. சுங்கை பட்டாணியும் பீடோங்கும் அடங்கிய கோலமூடாவே பழைய தோட்ட நாட்டின் நெஞ்சம். நாசா என்பது அதற்குப் பொருள் உதவிய வாகன நிறுவனத்தின் பெயர். 2007-08இல் கெடா மேல்பிரிவில் மூன்று கிண்ணங்களை வென்ற அதே பருவத்தில், கோலமூடா நாசா இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. ஒரே மாநிலம் இரு பிரிவுகளிலும் ஒரே பருவத்தில் முதன்மை பெற்றதைக் கெடா மக்கள் எத்துணை பேர் நினைவில் வைத்துள்ளனர் என்பது ஐயமே. 2009-ஆம் ஆண்டு சூப்பர் லீக்கில் ஆடிய அக்குழு, அத்தோடு விலகிக்கொண்டது. புரவலர் கைவிட்டால் நிற்கும் கால் இல்லாத குழுவுக்கு உச்சிக்கு ஏறுவதே கேடாக முடியும். மேல்பிரிவில் செலவு மிகுதி. மாவட்டத்தின் பெயரால் கிடைக்கும் நுழைவுச்சீட்டுப் பணமோ சிறிது. தோட்டக் குழுக்களைத் துரையின் விருப்பம் நடத்தியது போல, மாவட்டக் குழுவை நிறுவனத்தின் விருப்பம் நடத்தியது. இரண்டும் விருப்பம் தீர்ந்த நாளில் முடிந்தன.

2012-ஆம் ஆண்டு இறுதியில் கெடா மீண்டும் இறங்கியது. இம்முறை ஏற மூன்றாண்டுகள் பிடித்தன. 2015-இல் பிரிமியர் லீக் வாகை. தொடர்ந்து 2016-இல் சிலாங்கூரைப் பெனால்டியில் வென்று மலேசியக் கிண்ணம். 2017-இலும் 2019-இலும் எஃப்.ஏ. கிண்ணம். ஆக 1992, 2002, 2005-06, 2015 என நான்கு முறை இரண்டாம் பிரிவை வென்ற மாநிலம் கெடா. அந்நான்கில் மூன்று வெற்றிகளை அடுத்த ஆண்டே பெரிய கிண்ணம் ஒன்று பின்தொடர்ந்துள்ளது.

தமிழர் தம் பெயரால் ஒரு குழுவை இரண்டாம் பிரிவுக்குக் கொண்டுசென்றதும் இக்காலத்திலேதான். ஆனால் கெடாவிலன்று, கிள்ளான் பள்ளத்தாக்கில். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு மூன்றாம் அடுக்கிலிருந்து முன்னேறி 2017-ஆம் ஆண்டில் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் சூப்பர் லீக்கிலும் நுழைந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரரை விலைக்கு வாங்கும் காலத்தில், உள்நாட்டு இளைஞரைக் கொண்டே மேல்பிரிவில் சில பருவங்கள் தாக்குப்பிடித்தது அக்குழுவின் பெருமை. வட மாநிலத்துத் தமிழ் இளைஞனுக்குத் தன் இனத்தவர் மேல்பிரிவில் ஆடுவதைத் தொலைக்காட்சியில் காணும் வாய்ப்பு அதனால் கிட்டியது. 2022-ஆம் ஆண்டு முடிவில் அக்குழுவும் விலகியது.

அதே ஆண்டு முடிவில் பிரிமியர் லீக்கும் நிறுத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டு சூப்பர் லீக் 14 குழுக்களாக விரிவடைந்தது. அதன் கீழ் முழுத் தொழில்முறையிலான இரண்டாம் பிரிவு இல்லாமற்போனது. குழுக்கள் பல சம்பளம் கொடுக்க இயலாமல் தவித்த நிலையில், நடத்தியோர் கூறிய காரணங்களில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் விளைவு வேறு. மேல்பிரிவில் கடைசியாக வந்தவன் இறங்குவதற்கு இடமில்லை. இறங்கி ஓராண்டு இளையோரைப் பழக்கி ஏறுவதற்கும் இடமில்லை. வீழ்ந்தால் பகுதித் தொழில்முறைப் போட்டியில்தான் வீழ வேண்டும்.

அவ்வீழ்ச்சியின் கடுமையைக் கெடாவும் உணர வேண்டியதாயிற்று. கெடா தாருல் அமான் எனப் பெயர் மாறித் தனி நிறுவனமாகிய குழு, ஆட்டக்காரர்க்குச் சம்பள நிலுவை வைத்தமையால் 2023-ஆம் ஆண்டில் புள்ளிகள் பறிக்கப்பட்டது. 2025-26 பருவத்திற்கு அதற்கு உரிமம் கிடைக்கவில்லை. 1992-லும் 2006-லும் கெடாவைத் தாங்கிப் பிடித்து மேலே அனுப்பிய பிரிவு அப்போது இல்லை. சுங்கை பட்டாணிப் பக்கத்து வீடமைப்புப் பகுதிகளில், முன்பு தோட்டமாக இருந்த நிலத்தில், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வாகனம் நிறுத்துமிடத்தில் பந்தாடுகின்றனர். வாகனம் வரும்போது விலகி நின்று, போனபின் தொடர்கின்றனர்.